யந்திரம் இருக்கிறது, குழாய் எங்கே?

கனடாவின் பழைய வீடுகளில் ஊமையாகிக் கிடக்கும் சென்ட்ரல் வாக்யூம்களும், அவற்றுக்கு உறுப்புத் தேடி அலையும் குடும்பங்களும்

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில், எண்பதுகளின் கடைசியில் கட்டப்பட்டு, இரண்டு கை மாறி, ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்த மாடி வீடு அது. குடிபுகுந்த வாரத்தில், கூடத்துச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பதிந்திருந்த வெள்ளை மூடியொன்றைப் பேரன் திறப்பதும் மூடுவதுமாக விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு பதறிய மூத்த அம்மையார், வெப்ப யந்திரத்தைப் பரிசோதிக்க வந்திருந்த தமிழ்த் தொழிலாளியைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது கறண்ட் பிளக்கோ? பிள்ளை கை வைக்கிறான்."

"இல்லை அம்மா. இது வீடு கூட்டுற மெசினின்ரை வாய். மெசின் கராஜுக்குள்ள இருக்கும். நில்லுங்கோ, காட்டுறன்."

அவர் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, அந்த வாய்க்குள் தெரிந்த இரண்டு சிறு உலோகப் பொட்டுகளையும் ஒருசேரத் தொட்டார். மறுகணம், கராஜின் மூலையில் தூசு மூடிக் கிடந்த உருளையிலிருந்து கனத்த ரீங்காரம் ஒன்று எழுந்தது. பேரன் கையிலிருந்த காகிதத் துண்டு சுவருக்குள் பாய்ந்து மறைந்தது. முப்பது வருஷத்துக்கு முன்பு பூட்டிய மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. சுவர்களுக்குள் ஓடும் குழாய்களுக்கும் குறை இல்லை. வீட்டில் இல்லாதவை, அந்த வாயில் செருகவேண்டிய முப்பது அடி நீள ஹோஸும், அதன் நுனியில் மாட்டவேண்டிய தண்டும், பிரஷ்களுந்தான். துலாவும் கிணறும் இருக்க, கயிறும் வாளியும் காணாமற்போன வளவின் நிலைமை அந்த வீட்டுக்கு நேர்ந்திருந்தது.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து புறப்பட்டு, முதலில் ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலும், பிறகு ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் முதலிய இடங்களில் சொந்த வீடுகளிலும் குடியேறிய நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த அனுபவம் புதிதன்று. விளக்குமாறும் தும்புத்தடியும் கொண்டு முற்றம் கூட்டிப் பழகிய தலைமுறை, வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்ட, சென்ட்ரல் வாக்யூம் என்னும் இப்படியொரு சாதனத்தை முதன்முதலில் கண்டபோது அடைந்த ஆச்சரியம், அதன் ஹோஸ் வெடித்து மாற்றுக் குழாய் தேடவேண்டி வந்த நாளில் பெரும் ஆயாசமாக மாறியது. "இந்த மொடல் இப்போது வருவதில்லை, முழுவதையும் புதிதாகப் பூட்டுங்கள்" என்ற பதிலைக் கேட்டு மனம் சோர்ந்து, நல்ல யந்திரத்தைச் சுவருக்குள்ளேயே சமாதி வைத்துவிட்டவர்கள் பலர். அந்தப் பதில் பெரும்பாலும் சரியன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பூர்வ கதை

தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுக்கும் யந்திரத்தை 1901-ல் இங்கிலாந்தில் உருவாக்கிய பொறியியலாளர் ஹியூபர்ட் ஸெஸில் பூத், அதைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் செலுத்தித் துப்புரவு செய்தார். வண்டி தெருவில் நிற்கவேண்டிய அவசியமில்லை, யந்திரத்தைக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே வைத்துவிடலாம் என்ற எண்ணத்தைக் காரியமாக்கியவர் அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த டேவிட் கென்னி. 1902-ல் பிட்ஸ்பர்க் நகரத்து ஃப்ரிக் கட்டடத்தில் அவர் அமைத்த ஏற்பாடே இன்றைய சென்ட்ரல் வாக்யூமின் மூதாதை. ஆகவே, கையால் இழுத்துச் செல்லும் மின்சார யந்திரத்துக்கு முன்பே, கட்டடத்தோடு பொருத்திய யந்திரம் பிறந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1960-களில், மாளிகைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் மாத்திரம் உரியதாயிருந்த இந்தச் சாதனம் மத்திய வர்க்கத்து வீடுகளுக்குள் நுழைந்தது.

பெட்டிச் செய்தி: சில குறிப்புகள்

• ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்பு, 1902-ல், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களைத் துப்புரவு செய்தது பூத்தின் யந்திரம்.

• இழுத்துச் செல்லும் மின்சாரத் துப்புரவு யந்திரத்துக்கு 1908-ல் காப்புரிமை பெற்றவர், ஒஹாயோவில் கட்டடக் காவல்-துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அந்த உரிமையை வாங்கி, யந்திரத்தை உலகெங்கும் விற்றவர் ஹூவர்.

• சுவர் வாய்க்கு நேர் பின்னால் மட்டும் குறுகலான முழங்கை வளைவும், மற்ற இடங்களிலெல்லாம் அகன்ற வளைவும் வைப்பது தேர்ந்த தொழிலாளரின் முறை. அடைப்பு ஏற்படுவதாயின் கைக்கெட்டும் இடத்திலேயே ஏற்படவேண்டும் என்பது நோக்கம்.

எது பொருந்தும், எது பொருந்தாது?

பழைய யந்திரத்துக்கு உறுப்புத் தேடுபவர் முதலில் மனத்திலிருந்து அகற்றவேண்டியது, "என் யந்திரம் இன்ன பெயருடையது, ஆகையால் அந்தப் பெயருடைய ஹோஸ்தான் வேண்டும்" என்ற எண்ணத்தை. பீம், நியூடோன், வாக்குஃப்ளோ, சைக்ளோவாக், கனாவாக், கென்மோர் என்று யந்திரத்தின் நெற்றியில் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், ஹோஸுக்கும் அந்தப் பெயருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஹோஸுக்குச் சம்பந்தம் சுவரில் உள்ள வாயோடு மட்டுமே. யந்திரத்தை மாற்றினாலும் வாய் மாறுவதில்லை. வாயை மாற்றினாலும் யந்திரம் அதை அறிவதில்லை. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சுவருக்குள் ஓடும் குழாயின் வெளிவிட்டம் 2 அங்குலம். வட அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா ஸ்தாபனங்களும் இந்த ஓர் அளவையே அனுசரித்து வந்திருக்கின்றன; அதனால்தான் நாற்பது வருஷத்துப் பழைய குழாயில் இன்று வாங்கிய மோட்டாரைப் பூட்ட முடிகிறது. ஆனால், தண்ணீர்க் குழாய்க் கடையில் "2 அங்குலம்" என்று விற்கும் குழாயின் வெளிவிட்டம் 2⅜ அங்குலம். அதைக் கொண்டுவந்து இதோடு ஒட்ட முயன்று பணத்தையும் பசையையும் வீணாக்காதீர்கள்.

சுவர் வாயின் துவாரம் பெரும்பாலான வீடுகளில் சுமார் 1½ அங்குலம். அதற்குள் இருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகளுக்கு 24 வோல்ட் என்ற சொற்ப மின்சாரமே வருகிறது. ஹோஸின் நுனியிலுள்ள உலோக வளையம் அந்த இரண்டையும் இணைக்கும்போது, தூரத்திலிருக்கும் மோட்டாருக்குப் புறப்படும்படி கட்டளை போகிறது. இது எல்லாவற்றிலும் எளிய வகை. கம்பளத்தை அடித்துத் துலக்கும் மின்சார பிரஷ் வேண்டுமென்றால், அதற்கு 120 வோல்ட் மின்சாரம் ஹோஸின் வழியாகப் போகவேண்டும். சில வீடுகளில், ஹோஸோடு ஒட்டிய சிறு வால்போன்ற கம்பியைப் பக்கத்திலுள்ள மின்பிளக்கில் செருகுகிறார்கள்; வேறு சில வீடுகளில், அந்த மின்சாரம் வாய்க்குள்ளேயே தனித் துளைகளில் வந்து நிற்கிறது. இந்தக் கடைசி வகை வாயுள்ள வீட்டில், முன்னே சொன்ன பேப்பர் கிளிப் பரீட்சையைத் தெரிந்தவரைத் தவிர வேறு யாரும் செய்யலாகாது. துளை மாறிப் பட்டால் பிராணாபாயம்.

இனி ஹோஸின் கைப்பிடி முனை. தண்டு, தரை பிரஷ், மரச்சாமான் துடைக்கும் வட்ட பிரஷ், சோபா இடுக்குகளில் நுழையும் கூர்மூக்கு ஆகிய மின்சாரமில்லாத உறுப்புகளெல்லாம் பெரும்பாலும் 1¼ அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர் என்ற பொது அளவிலேயே வருகின்றன. இவற்றுக்குப் பெயரைப் பார்க்கவேண்டியதில்லை; அளவைப் பார்த்தாலே போதும். ஐரோப்பியப் பொருள்களில் பல 35 மில்லிமீட்டர் என்பதால், அவற்றை இணைக்க இடைவளையம் ஒன்று தேவைப்படலாம். அதுவும் வாக்யூம் கடைகளில் கிடைக்கிறது. ஆக, மின்சாரமில்லாத உறுப்புகளைப் பற்றியவரையில் "கிடைக்காது" என்ற வார்த்தைக்கு நியாயமே இல்லை.

சங்கடமெல்லாம் மின்சார பிரஷ்ஷில் இருக்கிறது. பவர் ஹெட் என்று சொல்லப்படும் அதன் கழுத்து, அதில் பொருந்தும் தண்டு, தண்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கைப்பிடி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஒரு ஸ்தாபனத்தின் தண்டிலுள்ள மின்முனை மற்றொன்றின் கழுத்தில் ஏறாது. பூட்டும் பொத்தானின் இடமும் மாறுபடும். ஒன்று உடைந்தால் மூன்றையும் மாற்றவேண்டி வருவது இதனால்தான். இவ்விடத்தில் பழைய பெயரையே தேடி அலைவதைக் காட்டிலும், இன்று தாராளமாக விற்பனையில் உள்ள ஒரு வகையை, உதாரணமாக ஜெர்மனியின் வெஸல்-வெர்க் தலையை, அதற்குரிய தண்டு, ஹோஸ் ஆகியவற்றோடு ஒரு தொகுதியாக வாங்குவதே புத்தி. சுவர் வாய்க்கு அது பொருந்தினால், கராஜில் உள்ள பழைய யந்திரம் அதை ஆட்சேபிக்காது.

அதையும் தவிர்க்க வழி உண்டு. உறிஞ்சப்படும் காற்றின் வேகத்திலேயே சுழலும் டர்பைன் பிரஷ்ஷுக்கு மின்கம்பி எதுவும் வேண்டாம். 24 வோல்ட் வாய் மட்டுமுள்ள மிகப் பழைய வீட்டிலும் அது வேலை செய்யும். தடித்த கம்பளத்தில் அதன் பலம் சற்றுக் குறைவுதான். ஆயினும், நம்மவர் வீடுகளில் இன்று கம்பளம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒரு கணம் யோசிக்கவேண்டும். கறிவாசமும் தூசியும் தங்குகிறதென்று கம்பளத்தைக் கிழித்தெறிந்து மரத்தரையும் லாமினேட்டும் போட்டவர்களே அதிகம். அந்த வீடுகளுக்கு மின்சார பிரஷ்ஷே அநாவசியம். மெல்லிய மயிர்களுள்ள சாதாரணத் தரை பிரஷ் ஒன்றும் ஹோஸ் ஒன்றும் போதும். விலை உயர்ந்த தொகுதியைத் தேடிக் களைத்தவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது இவ்வளவே என்பதை எண்ணும்போது, அவர்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்வார் இல்லாமற்போனாரே என்று மனம் வருந்துகிறது.

பெட்டிச் செய்தி: கடைக்குப் போகுமுன்

• சுவர் வாயைத் திறந்து நேரெதிரே நின்று ஒரு படம் எடுங்கள். உள்ளே பொட்டுகள் மட்டுமா, மின்துளைகளும் உண்டா என்பது அதில் தெரியவேண்டும். துவாரத்தின் விட்டத்தை அளந்து குறியுங்கள்.

• பழைய ஹோஸ் இருந்தால், அது எவ்வளவு கிழிந்திருந்தாலும் இரண்டு முனைகளையும் வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் வர்ணிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு பயன் தரும்.

• வாயிலிருந்து மிகத் தூரமான மூலைக்கும் மாடிப்படியின் உச்சிக்கும் கயிறு பிடித்து நீளம் பாருங்கள். 30 அடியும் 35 அடியும் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள். அவசியத்துக்கு மேல் நீளமான ஹோஸ் சுமையைத்தான் கூட்டும்.

• மின்கம்பியில்லாத ஹோஸ், முனைக்கு அருகே மட்டும் வெடித்திருந்தால், வெடித்த பாகத்தை அறுத்துவிட்டு முனைக்கவசத்தை மறுபடி திருகிப் பூட்டலாம். மின்கம்பி உள்ள ஹோஸில் இதைச் செய்யவேண்டாம்.

• கென்மோர் யந்திரமானால் மொடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்து கொடுத்த ஸ்தாபனம் எது என்பதை அவை காட்டும்.

சுவர் வாயே விநோதமான அளவில் இருந்தால் என்ன செய்வது? சில பழைய ஸ்தாபனங்கள் தங்களுக்கென்று தனி அளவு வைத்திருந்தது உண்மை. அப்படிப்பட்ட வீட்டில், கிடைக்காத ஹோஸைத் தேடி வருஷக்கணக்கில் அலைவதைக் காட்டிலும், வாய்களை மாற்றிவிடுவதே எளிது. முகப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, பின்னாலுள்ள இரண்டு மெல்லிய கம்பிகளைப் புதிய வாயின் முனைகளில் இணைத்துப் பூட்டும் வேலை, நிதானமுள்ள கைக்குச் சிரமமானதன்று. பழைய பின்தகடு பொருந்தாதபோது மட்டும் இடைத்துண்டு தேவைப்படும். 120 வோல்ட் சம்பந்தப்படும்போது உரிமம் பெற்ற மின்தொழிலாளரை அழைக்கவேண்டும்.

ஒரு ஹோஸ் இல்லாமையால்

இந்தச் சிறு உறுப்பு கிடைக்காமையால் விளையும் பெரிய நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாடி, நடு, பேஸ்மென்ட் என்று மூன்று தட்டுள்ள வீட்டில், கனத்த யந்திரத்தைப் படியேற்றிப் படியிறக்கும் வேலை பெரும்பாலும் முழங்கால் வலியுள்ள தாய்மார் தலையில் விழுகிறது. அவர்களுக்காகவே ஏற்பட்டதென்று சொல்லத்தக்க சாதனம் சுவருக்குள் சும்மா கிடக்கிறது. இழுத்துச் செல்லும் யந்திரம் எவ்வளவு வடிகட்டினாலும், தான் உறிஞ்சிய காற்றை அதே அறைக்குள்தான் விடுகிறது. சென்ட்ரல் வாக்யூமோ தூசியைக் குடியிருக்கும் அறைகளுக்கு வெளியே கொண்டுபோகிறது. வெளிக்குழாய் வைத்துப் பூட்டியிருந்தால் காற்றையும் வீட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஆஸ்த்மாக்காரர் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் அற்பமானதன்று.

உபயோகமில்லை என்று எண்ணிய வாய்களை, வீட்டைப் புதுப்பிக்கும்போது பலகை வைத்து மூடிப் பூசிவிடும் வழக்கம் இன்னும் விசனத்துக்குரியது. அதன்பின், எந்த அறையில் எங்கே குழாய் வந்து நிற்கிறதென்று வீட்டுக்காரருக்கே மறந்துவிடும். குழாய் வழியெங்கும் சேதமில்லாமல் இருந்தும் அந்த வீட்டுக்கு அது இல்லாததாகிவிடும்.

வியாபார உலகத்தின் மாறுதல்களும் இந்த நஷ்டத்துக்குத் துணைபோயிருக்கின்றன. கென்மோர் யந்திரங்களைக் கனடா முழுவதும் விற்று, உறுப்புகளையும் கொடுத்துவந்த சியர்ஸ் கனடா, 2018 ஜனவரியில் தன் கடைசிக் கடைகளையும் மூடியபோது, "வாங்கிய இடத்தில் போய்க் கேட்கலாம்" என்ற நம்பிக்கையோடிருந்த குடும்பங்களுக்குக் கேட்பதற்கு இடமே இல்லாமற்போயிற்று. மிஞ்சியிருப்பவை, கடைத்தெருக்களில் ஒதுங்கி நிற்கும் சிறிய வாக்யூம் கடைகள். பட்டையும் பிரஷ்ஷும் ஹோஸ் முனைகளும் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்துக்கொண்டு, கொண்டுவந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் "இது இன்னது" என்று சொல்லும் அந்தக் கடைக்காரர்களின் ஞானம், பெரும் பண்டகசாலைகளில் துர்லபம். உறுப்பு வாங்க முதலில் போகவேண்டிய இடம் அதுவே.

வீடு கை மாறும் தறுவாயில் நேரும் இழப்பு தனியே கவனிக்கத்தக்கது. ஒன்ராறியோவில் வீடு வாங்கும் ஒப்பந்தத்தில், வீட்டோடு பிணைந்த பொருள்கள் ஒரு வகையாகவும், எடுத்துச் செல்லக்கூடிய பொருள்கள் வேறொரு வகையாகவும் கருதப்படுகின்றன. சுவரில் பூட்டிய யந்திரம் முதல் வகை. அலுமாரியில் தொங்கும் ஹோஸும் தண்டும் பிரஷ்களும் இரண்டாம் வகை. ஒப்பந்தத்தில் அவற்றை எழுதவில்லையென்றால், விற்பவர் அவற்றைத் தம்மோடு கொண்டுபோவதில் குற்றம் காண்பது கடினம். "சென்ட்ரல் வாக்யூம், அதன் ஹோஸ் மற்றும் சகல உறுப்புகளுடன்" என்ற ஒரு வரியை எழுதும்படி உங்கள் முகவரிடம் வற்புறுத்துங்கள். வீட்டைக் கடைசியாகப் பார்வையிடும்போது ஹோஸைச் செருகி ஓட்டிப் பாருங்கள். புதிய வீடு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டுபவர் "ரஃப்-இன்" என்று சொன்னால் சுவருக்குள் குழாய் மட்டும் போட்டிருக்கிறார் என்று பொருள்; யந்திரமும் ஹோஸும் உங்கள் செலவு.

சட்டம் எதுவரை வருகிறது?

பழுதுபார்க்கும் உரிமை பற்றி உலகமெங்கும் பேச்சு எழுந்திருக்கும் காலம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் பிறப்பித்த வாக்யூம் விதிகளில், ஹோஸ் 40,000 முறை வளைத்தாட்டியும் உபயோகமாயிருக்கவேண்டும், மோட்டார் 500 மணி நேரமாவது உழைக்கவேண்டும் என்று 2017 முதல் அமலுக்கு வந்த நிபந்தனைகள் உண்டு. மெச்சத்தக்க விதிகள். ஆனால் அந்த விதிகளிலிருந்து விலக்களிக்கப்பட்ட யந்திரங்களின் வரிசையில் சென்ட்ரல் வாக்யூமும் இருக்கிறது. வீட்டின் ஆயுளோடு சேர்ந்து வாழவேண்டிய யந்திரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கியூபெக் மாகாணத்தில், பராமரிப்புத் தேவைப்படும் பண்டங்களுக்கு மாற்று உறுப்புகள் நியாயமான காலம்வரை கிடைக்கவேண்டும் என்ற சட்டம் நெடுங்காலமாக உண்டு. 2023 அக்டோபரில் அதைத் திருத்தி, சீக்கிரம் பழுதாகும்படி திட்டமிட்டுப் பண்டம் செய்வதையும் தடுத்தார்கள். ஒன்ராறியோவில், மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக அப்போது சட்டசபை உறுப்பினராயிருந்த மைக்கேல் கோட்டோ 2019-ல் கொண்டுவந்த மசோதா தோற்றுப்போயிற்று. 2024 நவம்பரில் மத்திய பாராளுமன்றத்தில் சட்டமாகிய பதிப்புரிமைத் திருத்தம், பழுதுபார்ப்பதற்காக டிஜிட்டல் பூட்டுகளைத் திறக்க அனுமதிக்கிறது. அது நல்லதே, ஆயினும் ஒரு பிளாஸ்டிக் கழுத்தும் ஓர் உலோக வளையமும் கிடைக்காமல் தவிக்கும் குடும்பத்துக்கு அதனால் பிரயோஜனமில்லை.

"நியாயமான காலம்" என்பதை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம் திட்டமானது. மேசைமேல் வைத்து உபயோகிக்கும் பொருளுக்கு ஏழெட்டு வருஷம் நியாயமாயிருக்கலாம். சுவரை உடைத்துக் குழாய் புதைத்து, வீட்டின் விலையோடு சேர்த்து விற்ற பொருளுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அந்தக் குழாய் சுவருக்குள் இருக்கும்வரை, அதற்குப் பொருந்தும் உறுப்பும் கடையில் இருக்கவேண்டும். இதற்காக ஸ்தாபனங்கள் பழைய அச்சுகளை என்றென்றைக்கும் காப்பாற்றவேண்டியதில்லை. 2 அங்குலக் குழாயில் எல்லாரும் ஒத்துப்போனதுபோல, மின்சார பிரஷ்ஷின் கழுத்துக்கும் ஒரு பொது அளவை ஒப்புக்கொண்டு, சுவர் வாயின் மூடிக்கு உட்புறத்தில் அந்த அளவை அச்சிட்டுவிட்டால் போதும்.

ஒன்ராறியோ சட்டசபையில் பழுதுபார்க்கும் உரிமை மறுபடியும் விவாதத்துக்கு வரும்போது, அது கைப்பேசியோடும் கணினியோடும் நின்றுவிடாமல், வீட்டோடு பதித்து விற்கப்படும் யந்திரங்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கு முன்பு, கராஜில் தூங்கும் யந்திரத்தைக் குப்பைக்கு அனுப்ப எண்ணியிருப்பவர்கள், ஒரு நூலளவுகோலை எடுத்துச் சுவர் வாயை அளந்து பாருங்கள்.